நூறு மெகாபிட் எங்கே போயிற்று?

எங்கள் வீதியில் குடியிருக்கும் நண்பர் ஒருவர் சமீபத்தில் புதிதாக இண்டர்நெட் இணைப்பு வாங்கினார். "வினாடிக்கு 100 மெகாபிட் வேகம், ஸார்!" என்று வீதி முழுவதும் பறை சாற்றினார். பதினைந்தே தினங்களில் அவர் முகம் வாடிவிட்டது. காலையில் சிட்டாய்ப் பறக்கும் இணைப்பு, இரவு 9 மணிக்குக் கட்டை வண்டியாகி விடுகிறதாம். மூத்த பெண்ணின் பரீட்சைப் பாடங்கள் அந்த வேளையில்தான் நடக்கின்றன; வாத்தியார் வாயசைப்பது தெரிகிறதே யொழியக் குரல் வருவதில்லை. அது மட்டுமா? நல்ல வேளையில் பார்த்தாலும் கம்ப்யூட்டர் 12 என்ற எண்ணைத் தாண்டுவதே இல்லையாம். "எட்டில் ஏழு பங்கை எவனோ விழுங்கி விட்டான்!" என்றார். இன்னும் அதிகப் பணம் கட்டிப் பெரிய இணைப்பாக வாங்கி விடுவதென்றும் தீர்மானித்து விட்டார்.

முதலில் திருட்டுப் புகாரைத் தீர்த்துவிடலாம். கம்பெனி விற்பது 'பிட்'. கம்ப்யூட்டர் காட்டியது 'பைட்'. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். 100ஐ எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை. படியால் அளந்து கொடுத்ததை மரக்காலால் அளந்து பார்த்துவிட்டு, குறைகிறதே என்று அலறினால் என்ன செய்வது? எட்டுப் படி ஒரு மரக்கால் என்ற கணக்கு நம் பாட்டிமார்களுக்கு நன்றாய்த் தெரியும்.

இரவு நேர விவகாரம் அவ்வளவு சுலபமன்று. வீட்டுக்கு வரும் கண்ணாடி இழை நமக்கென்றே தனியாக வருவதாக எண்ணுகிறோம். வெகுவாக வழக்கத்திலிருக்கும் ஏற்பாட்டில், ஒரே இழை கிளை பிரிந்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் போகிறது. எல்லோருக்குமாகச் சேர்த்து வினாடிக்குச் சுமார் 2,500 மெகாபிட். 64 வீட்டாரும் ஒரே சமயத்தில் முழு மூச்சாய் இறக்கினால் தலைக்கு 39தான் கிடைக்கும். அப்படி எல்லோரும் ஏககாலத்தில் வர மாட்டார்கள் என்பது கம்பெனியின் நம்பிக்கை. காலையில் அது பலிக்கிறது. இரவில், சாப்பாடு முடிந்து வீட்டுக்கு வீடு சினிமா ஆரம்பித்தவுடன், இந்த இழையிலும் இதற்கு அப்பாலுள்ள பொதுப் பாதைகளிலும் நெரிசல் உண்டாகிறது.

இந்த நெரிசலுக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1986-ஆம் வருஷம் அக்டோபர் மாதம், அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆராய்ச்சி சாலைக்கும் பெர்க்லி சர்வகலாசாலைக்கும் இடையே செய்திப் போக்குவரத்து திடீரென்று படுத்துவிட்டது. இடைத் தூரம் வெறும் 400 கஜம். வினாடிக்கு 32,000 பிட்டாக இருந்த வேகம் 40 பிட்டுக்கு இறங்கிற்று! நடந்து போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். வழியில் தொலைந்த பொட்டலங்களை ஒவ்வொரு கம்ப்யூட்டரும் மீண்டும் மீண்டும் அனுப்ப, அதனாலேயே பாதை மேலும் அடைபட்டது. வான் ஜேகப்சன் என்பவர் இதை ஆராய்ந்து 1988-ல் பரிகாரம் வெளியிட்டார்: சிறிது சிறிதாக வேகத்தைக் கூட்டு; பொட்டலம் தொலைந்தால் சட்டென்று குறைத்துக் கொள். இந்த விதியின் வழி வந்த முறைகளையே இன்றும் கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் அனுசரிக்கின்றன. ஆகவே வேகம் அலைபோல் ஏறி இறங்குவது பல சமயங்களில் மரியாதையின் அடையாளமே தவிர, பழுதன்று.

ஆனால் நண்பர் வீட்டில் வேறொரு ரகசியமும் இருந்தது. வைஃபை பெட்டியை, தூசி படியக் கூடாதென்று, இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்! இரும்பு ரேடியோ அலையைத் தடுத்துவிடும். கனத்த சுவரும் ஓரளவு தடுக்கும். போதாக்குறைக்கு, பழைய 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அண்டை வீட்டுப் பெட்டிகளெல்லாம் போட்டியிடுகின்றன. சமையலறை மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசைக்கு அருகில்தான் வேலை செய்கிறது. 5 கிகாஹெர்ட்ஸில் கூட்டம் குறைவு, ஆனால் சுவரைக் கண்டால் அது இன்னும் சீக்கிரம் களைத்துவிடும்.

அன்றிரவு 9 மணிக்கு, கம்ப்யூட்டரைப் பெட்டியோடு கம்பியால் இணைத்து அளந்தோம்: 61 மெகாபிட். கம்பியின்றி, பெண்ணின் அறையில்: 9. அதாவது, பாதையில் போனது 39. வீட்டுக்குள்ளேயே போனது 52! பெட்டியைக் கூடத்து அலமாரியின் மேல் வைத்த பிறகு அதே அறையில் 48 வந்தது. வாத்தியாரின் குரலும் கணீரென்று கேட்டது.

பெரிய இணைப்பு வாங்கும் யோசனையை நண்பர் கைவிட்டார். பாதையில் போன 39ஐப் பற்றிக் கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். விளம்பரத்தில் "100 வரை" என்றுதான் போட்டிருக்கிறோம் என்று பதில் வந்திருக்கிறது.