லினக்ஸ் மடிக்கணினிக்கு எந்த டாங்கிள்?

2011-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், பாஸ் லினக்ஸ் இயங்குதளத்தைத் திண்டுக்கல் மாணவர்களிடமும் சேர்த்தது. லினக்ஸ் கணினிக்கு யுஎஸ்பி இணைய டாங்கிள் வாங்குவோர், விலைக்கு முன் அது இயங்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். சில டாங்கிள்கள் செருகியதும் சிடி போலத் தோன்றி விண்டோஸ் மென்பொருளை நீட்டும். லினக்ஸில் அவை மோடமாக மாற 'யுஎஸ்பி மோட்ஸ்விட்ச்' நிரல் தேவை. வேறு சில, தாமே இணைப்பை ஏற்படுத்தி நெட்வொர்க் கார்டாகத் தெரியும். பிரவுசரிலேயே அமைப்புகளை மாற்றலாம். இவையே நல்ல தேர்வு.

மோட்ஸ்விட்ச் இலவசம்தானே என்பார்கள். உண்மை, ஆனால் அது இல்லாத கணினியில், அதை இறக்கவே இணையம் வேண்டும். போனின் டெதரிங் அவசரத்துக்கு உதவும். ஆனால் போனை யாராவது வெளியே எடுத்துப் போனால் இணையப் பாடம் நின்றுவிடும். வேடசந்தூர், நிலக்கோட்டைப் பக்கம் டவர் தொலைவில் இருந்தால், 850 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசையே நன்றாக எட்டும். டாங்கிள் அதை ஏற்குமா என்று கேட்டு வாங்குங்கள்.