ஜடேஜா போன இடத்தின் விலை

ஒரு பெரிய வீரர் அணி மாறினால் வந்தவரைப் பார்த்தே பலம் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுகிறோம். போனவர் எத்தனை வேலை பார்த்தார் என்று எண்ணுவதுதான் சரியான கணக்கு. 2025 நவம்பரில் சென்னை சூப்பர் கிங்ஸ், ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தான் ராயல்ஸுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கியது. சாம்சனுக்கு 18 கோடி ரூபாய். சென்னையில் அதே 18 கோடி வாங்கிய ஜடேஜா 14 கோடிக்கு இறங்கினார்; கரனுக்கு 2.4 கோடி. அந்த ஆண்டு ஐ.பி.எல். புள்ளிப் பட்டியலில் ராஜஸ்தான் 9, சென்னை 10. இரண்டுமே அடிபட்ட அணிகள். சென்னையின் விக்கெட் கீப்பர் தோனிக்கு 44 வயதான நிலையில், விக்கெட் காக்கவும் மேல்வரிசையில் அடிக்கவும் தெரிந்த சாம்சன் சென்னைக்கு அவசரத் தேவை, சந்தேகமில்லை. ஆனால் ஜடேஜா இடக்கைச் சுழல், பின்வரிசை மட்டை, ஃபீல்டிங் என மூன்று பேர் வேலையை ஒருவராகப் பார்த்தவர். 2023 இறுதிப் போட்டியில் கடைசி இரண்டு பந்தில் 10 ரன் தேவைப்பட்டபோது மோஹித் சர்மாவை ஒரு சிக்ஸர், ஒரு பவுண்டரி அடித்து முடித்தாரே, அது அந்தப் பின்வரிசை வேலை.

கிரிக்கெட்டுக்கு 11 பேர் என்பதால் இந்தக் கணக்கு சரி. ஐந்தே பேர் ஆடும் கூடைப்பந்தில் ஒரு நட்சத்திரம் வந்தால் போதுமே என்று கேட்கலாம். எனக்கென்னவோ அங்கேதான் இது இன்னும் கறாராகப் பொருந்துகிறது. திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையில் ஐந்து பேர் இருக்கும் லேத் பட்டறையில் ஒருவர் நின்றால், ஐம்பது பேர் இருக்கும் கம்பெனியைப் போலச் சமாளிக்க முடியாது. 2025 பிப்ரவரியில் அமெரிக்காவின் டல்லாஸ் மேவரிக்ஸ், தன் நட்சத்திரம் லூகா டான்சிச்சை லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்குக் கொடுத்து அந்தோணி டேவிஸை வாங்கியது. டேவிஸ் முதல் ஆட்டத்திலேயே காயம்பட்டார். முந்தைய ஆண்டு இறுதிச் சுற்று ஆடிய டல்லாஸ் பிளே-ஆஃபுக்கே போகவில்லை. சரி, லேக்கர்ஸ் ஜெயித்ததா? மேற்குப் பிரிவில் மூன்றாவதாக வந்தும் முதல் சுற்றிலேயே மினசோட்டாவிடம் 4-1 என்று தோற்றது. கூடைக்கடியில் நின்று தடுக்கும் உயரமான டேவிஸைத்தான் அவர்கள் கொடுத்திருந்தார்கள். கடைசி ஆட்டத்தில் மினசோட்டாவின் ரூடி கோபேர் அதே இடத்தில் நின்று 27 புள்ளியும் 24 ரீபவுண்டும் எடுத்தார்.

அணி மாறியபோது ஜடேஜாவுக்கு 37 நெருங்கியிருந்தது, சாம்சனுக்கு 31. நாலு வருஷம் கழித்துப் பார்த்தால் லாபம் சென்னைக்குத்தான் என்பார்கள். மறுக்கவில்லை. ஆனால் அடுத்த சீசனுக்கே ஆள் வேண்டுமே! அமெரிக்கக் கூடைப்பந்தில் தோற்ற அணிக்குக் கல்லூரி வீரர்களை முதலில் எடுக்கும் வாய்ப்பு குலுக்கலில் கிடைக்கும், வெறும் 1.8 சதவீத வாய்ப்பில் டல்லாஸுக்கு அது விழுந்து, கூப்பர் ஃபிளாக் கிடைத்தார். ஐ.பி.எல்.லில் கடைசி இடத்துக்கு அப்படி எந்தச் சலுகையும் இல்லை, ஏலத்தில் காசைத்தான் இறக்க வேண்டும். 2025 டிசம்பரில் அபுதாபி ஏலத்தில் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த பிரசாந்த் வீருக்கு சென்னை கை தூக்கியது. அப்போது வயது 20, இடக்கைச் சுழல் ஆல்ரவுண்டர், இந்திய அணிக்கு ஆடியிருக்கவில்லை. 30 லட்சத்தில் தொடங்கிய விலை 14.20 கோடியில் நின்றது. ராஜஸ்தானில் ஜடேஜா வாங்குவதைவிட 20 லட்சம் அதிகம்.