தயங்கும் மோட்டார் வண்டி

பிரீமியர் பத்மினி முதலான பழைய பெட்ரோல் வண்டிகளுள் சில, நிற்கும்போது சீராக இயங்கும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தவுடன் ஒரு கணம் திணறிப் பின்னரே விரையும். லாரியொன்றை முந்தும் வேளையில் அக்கணம் உயிருக்கே இடராகும். இயந்திரம் கிழடாயிற்று என்று கருதிப் பெருஞ்செலவு செய்வாரும் உளர். அது நாடி பாராமல் மருந்திடுதலாம்.

எடையளவில் 1 பங்கு பெட்ரோலோடு ஏறத்தாழ 15 பங்கு காற்றுக் கலந்தால்தான் அது நன்கு எரியும். மிதித்தவுடன் காற்று விரைந்து புகும். கனமான பெட்ரோல் பின்தங்கும். அக்குறையை நிரப்பவே கார்புரேட்டர்கள் பலவற்றில் சிறு பம்பு ஒன்று அமைந்துள்ளது. மிதிக்குந்தோறும் அது பெட்ரோலைப் பீச்சும்.

இதனைச் சோதிப்பது எளிது. இயந்திரத்தை நிறுத்தி ஆறவிட்டு, நெருப்பு அணுகாதவாறு காத்து, காற்று வடிகட்டியைக் கழற்றுவர். பிறகு ஆக்ஸிலரேட்டரை அசைத்தால், கார்புரேட்டரின் வாயினுள் மெல்லிய பெட்ரோல் தாரை தோன்றுதல் வேண்டும். தோன்றாவிடில், பம்பின் சவ்வு கிழிந்திருக்கும். அன்றேல் துளை அடைபட்டிருக்கும். அத்துளையை ஊசியாற் குத்துதல் கூடாது, துளை அகன்றுவிடும். காற்றால் ஊதுதலே முறை.

தாரை செவ்வனே விழுமாயின், தீப்பொறியை ஆராய்தல் வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரின் முனைகள் தேய்ந்திருப்பினும், அதனோடு இணைந்த வெற்றிடக் குழாய் வெடித்திருப்பினும் வண்டி இவ்வாறே திணறும்.