வண்ண மீன் வாங்க இணையமா, கடையா? பொம்மனஹள்ளிவாசிகள் முதலில் கவனிக்க வேண்டியது தண்ணீர்!

பெங்களூரு: கைப்பேசியில் பதிவு செய்தால் வண்ண மீன்களும் வீடு தேடி வந்துவிடுகின்றன. ஆனால், வந்து சேரும் மீன் பிழைக்குமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது விலையல்ல; தண்ணீரும் பயண நேரமும்தான்.

எந்தத் தண்ணீர்?

2024 அக்டோபரில் தொடங்கி வைக்கப்பட்ட காவிரி ஐந்தாம் கட்டக் குடிநீர்த் திட்டத்தின் 110 கிராமப் பகுதிகளில் பொம்மனஹள்ளி மண்டலத்தைச் சேர்ந்தவையும் உண்டு. எனினும், காவிரி நீர், ஆழ்துளைக் கிணற்று நீர், டேங்கர் நீர் என வீட்டுக்கு வீடு தண்ணீர் மாறுபடுகிறது.

குழாயில் வரும் காவிரி நீரில் கிருமிநீக்கத்திற்காகச் சேர்க்கப்படும் குளோரின் மீன்களின் செவுள்களைப் பாதிக்கும். அதனை நீக்கிய பிறகே தொட்டியில் ஊற்ற வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் உப்புகள் மிகுந்த கடின நீர். கப்பி, மோலி போன்ற மீன்கள் அதைத் தாங்கும். மென்னீரை விரும்பும் நியான் டெட்ரா தடுமாறும்.

கடையின் சாதகம்:

அருகிலுள்ள கடையில் சில நாள்களாக இருக்கும் மீன், ஓரளவு நம் பகுதித் தண்ணீருக்குப் பழகியிருக்கும். அது நீந்துவதையும் இரை எடுப்பதையும் நேரில் பார்த்து வாங்கலாம். துடுப்புகளை ஒடுக்கி மூலையில் நிற்கும் மீனையும், வெண்புள்ளிகள் தென்படும் தொட்டியையும் தவிர்ப்பது நல்லது. கடைக்காரரிடம் எந்தத் தண்ணீர் பயன்படுத்துகிறார் எனக் கேட்பதும் அவசியம்.

இணையத்தின் சாதகம்:

சென்னை கொளத்தூர், கொல்கத்தா போன்ற வண்ண மீன் வணிக மையங்களில் கிடைக்கும் அரிய வகைகளை வீட்டிலிருந்தே தேர்ந்தெடுக்கலாம். இவை ஆக்சிஜன் நிரப்பிய பைகளில், தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்து அனுப்பப்படுகின்றன. பயணத்தின்போது மீனின் கழிவிலிருந்து வெளியாகும் அம்மோனியா பையில் சேர்கிறது. மூடிய பையில் கார்பன் டை ஆக்சைடும் பெருகி நீரை அமிலத்தன்மைக்கு மாற்றுவதால், அம்மோனியாவின் நச்சு மட்டுப்படும். பையைத் திறந்ததும் அந்த வாயு வெளியேற, நச்சு திடீரென உயரும்.

எனவே, பையைப் பிரிக்காமல் 15 முதல் 20 நிமிடங்கள் தொட்டி நீரில் மிதக்கவிட்டு வெப்பநிலையைச் சமன்படுத்த வேண்டும். பின்னர் தாமதமின்றி மீனை மட்டும் வலையால் எடுத்துத் தொட்டியில் விட வேண்டும். பையின் நீரைச் சேர்க்கக் கூடாது.

இறந்து வந்தால் என்ன செய்வது?

பெட்டியைப் பிரிப்பதைத் தொடக்கம் முதல் காணொளியாகப் பதிவு செய்வது சிறந்த சான்றாகும். பணத்தைத் திரும்பப் பெறும் விதிகளை வாங்கும் முன்பே படிக்க வேண்டும். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, புகாரைப் பெற்றதை 48 மணி நேரத்திற்குள் நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் உறுதி செய்து, ஒரு மாதத்திற்குள் தீர்வு காண வேண்டும். தீர்வு கிடைக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

முதன்முறையாக மீன் வளர்ப்போருக்கு அருகிலுள்ள கடையே பாதுகாப்பானது. தொட்டியில் நன்மை தரும் பாக்டீரியாக்கள் வளர நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும் என்பதால், தொட்டி தயாரான பின்னரே மீன் வாங்க வேண்டும். அனுபவமுள்ளோர் அரிய வகைகளுக்கு இணையத்தை நாடலாம். எங்கு வாங்கினாலும், புதிய மீனைக் குறைந்தது இரண்டு வாரங்கள் தனித் தொட்டியில் வைத்துக் கண்காணித்தால், ஏற்கெனவே வளரும் மீன்களுக்கு நோய் பரவுவதைத் தவிர்க்கலாம்.