உதட்டுக் கட்டும் தாய்ப்பாலும்

சிக்பேட்டையில் நாற்பது வருஷமாகப் பாத்திர வியாபாரம் செய்து வருகிறேன். மருத்துவம் படித்தவனல்ல. கல்லாவில் உட்கார்ந்தபடி புத்தகம் புரட்டிக் கற்றதுதான் என் கல்வி. பேத்தி பிறந்த பதினெட்டாம் நாள் எழுந்த ஒரு கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

பால் கொடுக்கும்போதெல்லாம் மகளுக்குக் காம்பு வெடித்து உயிர் போகிற வலி. ஓரிடத்தில் காட்டியிருக்கிறாள். குழந்தையின் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்து, "உதட்டுக் கட்டு இருக்கு, இன்னைக்கே லேசர்ல எடுத்துடலாம்" என்றார்களாம். "என்னப்பா செய்யட்டும்?" என்று போனில் அழுதாள். தகப்பனிடம் பேசுகிற விஷயமா இது? ஆனால் அவள் அம்மா இல்லை. வேறு யாரிடம் கேட்பாள்? விற்கிறவர் அவசரப்படுத்தினால் வாங்குகிறவர் நிதானிக்க வேண்டும் என்பது கடைக்காரனுக்குத் தெரியும். "ரெண்டு நாள் பொறும்மா" என்றேன்.

முதலில் விஷயத்தைத் தெரிந்துகொள்வோம். மேலுதட்டை ஈறோடு இணைக்கும் மெல்லிய மடிப்பு எல்லோருக்கும் உண்டு. கண்ணாடி முன் உதட்டைத் தூக்கினால் உங்களுக்கே தெரியும். மருத்துவத்தில் இதற்கு ஃபிரெனுலம் என்று பெயர். லத்தீனில் சிறு கடிவாளம் என்று பொருள். அமெரிக்காவில் 100 பச்சைக் குழந்தைகளைப் பார்த்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், நூறு பேருக்கும் இது இருந்தது. ஆக, இருப்பது குறையல்ல.

நாக்குக் கட்டு வேறு. அது நாக்கை அசையவிடாமல் பிடித்தால் பால் உறிஞ்சுவது சிரமமாகலாம். அதை வெட்டினால் தாயின் வலி சிறிது காலத்துக்கேனும் குறைகிறது என்று 2017-இன் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. உதட்டுக் கட்டுக்கு அந்த அளவு ஆதாரமும் இல்லை. பாலூட்டலுக்காக அதை வெட்டுவதை அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் 2024 அறிக்கை ஆதரிக்கவில்லை. வெட்டினால் ரத்தக் கசிவு, வலி, புண் வரலாம். வாய் வலியால் குழந்தை பாலையே மறுக்கவும் கூடும்.

நியூசிலாந்தின் கேன்டர்பரியில் நாக்குக் கட்டு வெட்டுவது 2015-இல் 11.3 சதவீதமாக இருந்தது. கவனமாக ஆராய்ந்த பிறகே வெட்டுவது என்று முறைப்படுத்தியதும் 2017-இல் 3.5 சதவீதமானது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் விகிதம் அதனால் குறையவில்லை.

அப்படியானால் வலி ஏன்? பெரும்பாலும் குழந்தை பிடிக்கிற விதம்தான். வாய் அகலத் திறக்க வேண்டும். மோவாய் மார்பில் பதிய வேண்டும். காம்பு மட்டுமின்றி அதைச் சுற்றிய கருவளையமும் வாய்க்குள் போக வேண்டும். கீழுதடு வெளியே மடிந்திருந்தால் நல்லது. மேலுதடு சும்மா படிந்திருந்தால் போதும்.

பால் போதுகிறதா என்பதற்குத் தராசுதான் சாட்சி. பிறந்த எடை இரண்டு வாரத்துக்குள் திரும்ப வேண்டும். பிறகு தினம் 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். முதல் வாரத்துக்குப் பின் நாளைக்கு ஆறு தடவையாவது மூத்திரம் போக வேண்டும். இவை குறைந்தால் காத்திருக்கக் கூடாது. உடனே குழந்தை மருத்துவரிடம் போங்கள். முன்பல் இடைவெளி பற்றிய பயமும் இப்போது வேண்டாம். நிரந்தரக் கோரைப் பற்கள் முளைக்கும் 11, 12 வயதில் அது பெரும்பாலும் தானே மூடும்.

மறுநாள் வேறு குழந்தை மருத்துவரிடம் போனோம். எடை சரியாகவே ஏறியிருந்தது. நாக்கையும் பார்த்துக் கோளாறில்லை என்றார். அங்கிருந்த நர்ஸம்மா அரைமணி நேரம் உட்கார்ந்து, பிடிக்கும் முறையை மாற்றிக் காட்டினார். பத்து நாளில் வலி அடங்கியது. எல்லோருக்கும் இப்படியே ஆகும் என்று சொல்ல மாட்டேன்.

ஊரில் இதையெல்லாம் பாட்டிமார் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுத்தார்கள். சீம்பாலைப் பீய்ச்சி ஊற்றச் சொன்ன தப்பும் அவர்களுடையதுதான், அதை விட்டுவிடுவோம். பிழைக்க வந்த ஊரில் பிள்ளை பெற்றவள் தனியாக இருக்கிறாள். பக்கத்தில் உட்காருவதை மட்டும் விடாமல் இருப்போம். கத்தியோ லேசரோ கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.