பயத்துக்கும் உண்டு அளவுகோல்!

முழுகாமல் இருக்கும் பெண் ஆஸ்பத்திரிக்குப் போனால் எடை பார்க்கிறார்கள், பி.பி. பார்க்கிறார்கள், ரத்தம் எத்தனை கிராம் என்று பார்க்கிறார்கள். அவள் மனசில் இருக்கிற பயத்தை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. "பயப்படாதேம்மா" என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான்.

2020-இல் கொரோனா வந்தபோது எங்கள் பாகூர் பக்கத்தில் ஒரு பெண், தலைப்பிரசவம், ஏழாவது மாசம். "அங்க போனாதான்க்கா ஒட்டிக்கும், நான் வரலை" என்று ஒரே பிடிவாதம். இரண்டு மாசமாகச் செக்கப்புக்கே போகவில்லை. ராத்திரி தூக்கமும் இல்லை. மாமியாரோ, "நாங்கள்லாம் பெத்துக்கலையா?" என்றார். நர்சம்மா வீடு தேடி வந்து பார்த்தபோது பி.பி. எக்கச்சக்கமாக ஏறியிருந்தது! உடனே வண்டி வைத்துப் பாண்டிக்கு அழைத்துப் போனதால் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். பி.பி. ஏறியதற்குப் பயம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஏறியது தெரியாமல் போனதற்குப் பயம்தான் காரணம்.

அதே 2020-இல் அஹோர்சு, பாக்பூர் முதலிய ஆய்வாளர்கள் கொரோனா பயத்தை அளக்க ஏழே ஏழு கேள்விகள் தயாரித்தார்கள். முதலில் ஈரான் மக்களிடம் கேட்டார்கள். பிறகு பல நாடுகளில், கர்ப்பிணிகளிடமும் கேட்கப்பட்டது. ஒவ்வொரு கேள்விக்கும் 1 முதல் 5 வரை மார்க். மொத்தம் 7 வந்தால் பயம் மிகக் குறைவு. 35 வந்தால் உச்சம். வியாதியை நினைத்தாலே உள்ளங்கை வியர்க்கிறதா, செய்தி பார்த்தால் படபடப்பு வருகிறதா, தூக்கம் கெடுகிறதா, நெஞ்சு அடித்துக்கொள்கிறதா, உயிர் போய்விடுமோ என்று தோன்றுகிறதா... இப்படித்தான் கேள்விகள்.

எனக்குப் பிடித்ததே இதுதான். வில்லியனூர், பாகூர் கிராமத்துப் பெண் "எனக்குப் பயம்" என்று லேசில் சொல்லமாட்டாள். "நெஞ்சு படபடங்குது, கை காலெல்லாம் சில்லுன்னு ஆவுது" என்பாள். உடம்பைப் பற்றிக் கேட்டால் மனசு வெளியே வந்துவிடும். ஆனால் ஒன்று, பக்கத்தில் மாமியாரையோ புருஷனையோ வைத்துக்கொண்டு கேட்டால் எல்லாவற்றுக்கும் "ஒண்ணுமில்லை" என்றுதான் பதில் வரும்!

இன்னொரு அளவுகோலும் உண்டு. 1987-இல் ஜான் காக்ஸ் என்ற மனநல மருத்துவரும் அவர் குழுவினரும் பிரசவித்த தாய்மார்களுக்காகச் செய்த எடின்பரோ அளவுகோல். பத்துக் கேள்விகள், மொத்தம் 30 மார்க். கடந்த ஏழு நாளில் மனசு எப்படி இருந்தது என்று கேட்கும். இப்போது கர்ப்பிணிகளுக்கும் பயன்படுகிறது, தமிழிலும் இருக்கிறது. மார்க் கூடினால் வியாதி என்று முடிவுகட்டக் கூடாது. டாக்டர் உட்கார்ந்து பேசவேண்டும் என்றுதான் அர்த்தம்.

கொரோனா பயம் போய்விட்டது. சர்க்கரை, டெங்கு, தைராய்டு என்று வேறு பயங்கள் வந்துவிட்டன. உங்கள் வீட்டில் மாசமாக இருக்கும் பெண் செக்கப்புக்குப் போகத் தயங்குகிறாளா? தனியாக உட்காரவைத்து, "ராத்திரி தூங்கறியாம்மா?" என்று முதலில் கேளுங்கள். தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால் நர்சம்மாவிடமோ டாக்டரிடமோ சொல்லிவிடுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் போன் போட்டால் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள்.