கழுத்தில் தொங்கும் அரை விநாடி

கழுத்தில் போடும் பதக்கத்தை நம் வீடுகளில் ‘டாலர்’ என்கிறோம். கையில் புழங்கும் டாலரையோ ‘வெள்ளி’ என்கிறோம். வெள்ளி டாலர் எத்தனை வெள்ளி என்று கேட்டால் சிங்கப்பூர்த் தமிழர் குழம்பாமல் விலை சொல்வார். அண்மையில் ஒரு சனிக்கிழமை நானே செய்த டாலரில் வெள்ளியும் இல்லை, தங்கமும் இல்லை. பித்தளைச் சட்டம், ஒரு துண்டுப் பட்டு, செயற்கைப் பிசின், கொஞ்சம் ஒலிநாடா. அவ்வளவுதான்.

பல பொருள்களைக் கலந்து பதக்கம் செய்யக் கற்றுத்தரும் பயிலரங்கு அது. சமூக மன்றத்தில் ஓர் அறை, மூன்று மணி நேரம், எட்டுப் பேர். ‘உள்ளே வைக்க உங்களுக்குப் பிடித்த சின்னப் பொருள் ஒன்றைக் கொண்டுவாருங்கள்’ என்று முன்பே குறுஞ்செய்தி வந்திருந்தது. நமக்கு இது புதிதில்லை. தொப்புள்கொடியை உலர்த்தித் தாயத்துக்குள் அடைத்துப் பிள்ளைக்குக் கட்டியவர்கள்தானே நம் பாட்டிமார்! தாயத்து மறைத்து வைக்கும், இந்தப் பதக்கம் காட்டும்.

என் பக்கத்தில் இருந்த அம்மா, மகளின் திருமண மாலையிலிருந்து எடுத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்த மல்லிகையைக் கொண்டு வந்திருந்தார். பயிற்றுவிப்பாளர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “ஈரம் இருக்கும்மா. பிசினுக்குள்ள போனா பழுப்பாயிடும். காயவெச்சு அடுத்த வாரம் வாங்க” என்றார். எதிரே இருந்த அண்ணன் எடுத்தது, பேருந்து நடத்துநராக இருந்த தம் அப்பாவின் பழைய பயணச்சீட்டு. காகிதத்தை அப்படியே வைத்தால் பிசின் ஊறி, எண்ணெய் பட்ட தோசைத் தாள் மாதிரி ஆகிவிடும். அதனால் முன்னும் பின்னும் ஓரங்களிலும் வெள்ளைப் பசை பூசி, காயவிட்டு, மீண்டும் பூச வேண்டும். “ஒரே சீட்டுன்னா நகல் எடுத்துட்டு வாங்க” என்றார் பயிற்றுவிப்பாளர். அண்ணன் சட்டைப் பையிலிருந்து ஒரு கட்டையே எடுத்துக் காட்டினார்.

நான் கொண்டுபோனது பாட்டி பேசிய ஒலிநாடா. கணினியில் எப்போதோ ஏற்றிவிட்டேன். ஆனாலும் கத்தரியைக் கையில் எடுத்தபோது தொழில்புத்தி கணக்குப் போட்டது. நாடா ஓடும் வேகம் விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர். பதக்கத்தின் உள்ளகலம் 2.5 சென்டிமீட்டர். ஆக, அரை விநாடிதான் அதில் அடங்கும். பாட்டி என் பெயரைச் சொல்லும் இடத்தை வெட்ட ஆசை. பெயரில் பாதிகூட அதற்குள் முடியாது. “நகல்தான் இருக்கே, அப்புறம் என்ன?” என்று கேட்டார் மல்லிகை அம்மா. நகல் இருக்கிறதுதான். ஆனால் அந்த நாடாவும் இன்னும் பாடுகிறதே!

பாட்டி பேசி முடித்த பிறகு யாரும் உடனே பொத்தானை அழுத்தவில்லை. கூரை மின்விசிறி மட்டும் கொஞ்ச நேரம் சுற்றுகிறது. அதிலிருந்து வெட்டினேன். மிச்ச நாடாவை, அதற்கென்றே உள்ள ஒட்டுப்பட்டையால் சேர்த்துவிட்டேன். வானொலியில் மூன்று விநாடி மௌனம் வந்தாலே எங்களுக்கு வியர்த்துவிடும். விரும்பி எடுத்துக்கொண்ட மௌனம் இது ஒன்றுதான்.

அடியில் அரக்குநிறப் பட்டு, மேலே நாடா. பிறகு பிசின். இரண்டு புட்டிகளில் உள்ளதைப் புட்டியில் போட்டிருக்கும் அளவுப்படியே கலக்க வேண்டும். கண்ணளவு, கையளவு இங்கே செல்லாது. அளவு தப்பினால் எத்தனை நாளானாலும் பிசுபிசுக்கும். வேகமாகக் கலக்கினால் குமிழி வரும். வந்த குமிழிகளைப் பல்குச்சியால் குத்தி எடுத்தோம். கையுறை கட்டாயம், சன்னல் திறந்திருக்க வேண்டும். கெட்டியாகாத பிசின் தோலில் பட்டால் சிலருக்கு ஒவ்வாமை வரும். வீட்டில் பிள்ளைகளோடு சேர்ந்து செய்ய நினைப்பவர்கள் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் மெல்லிய அடுக்கு, அது இறுகியதும் இரண்டாவது. புற ஊதா விளக்கில் சில நிமிடங்களில் இறுகும் பிசினும் உண்டு. எங்களுடையது ஒருநாள் காத்திருக்கும் ரகம் என்பதால், இரண்டாவது அடுக்கைப் பயிற்றுவிப்பாளரே மறுநாள் ஊற்றி வைத்தார். அடுத்த வாரம் வாங்கப் போனேன். அண்ணன் தம்முடையதைச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். சீட்டின் எண் தெளிவாகத் தெரிந்தது. மல்லிகை அம்மா காய்ந்த பூக்களோடு மறுபடி வகுப்பில் உட்கார்ந்திருந்தார்.

வெயிலில் கிடந்தால் பிசின் மெல்ல மஞ்சளாகுமாம். அதனால் என் பதக்கத்தை இரவில் துணிப்பையில் போட்டு வைக்கிறேன். வேலைக்கும் அணிந்துதான் போகிறேன். ஒலிவாங்கியின் முன் உட்காரும்போது மட்டும் கழற்றிவிடுவேன். சங்கிலி உரசும் சத்தம் நேயர்களுக்குக் கேட்கும்.